அப்பாவுக்குக் கேட்கவில்லை

"உங்க வீட்டுக்காரர் எப்படிங்க?" என்று தெருவுக்குப் புதிதாகக் குடி வந்தவர்கள் யாராவது கேட்டால், எங்கள் அம்மா சொல்லும் பதில் ஒன்றுதான்.

"அவருங்களா? கோயில் சாமி கணக்குங்க. நாமதான் பேசிக்கிட்டே இருக்கோணும். பதில் வராது. ஆனா கேட்டது கிடைச்சிரும்!"

தெருவே சிரிக்கும். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். இப்போது அந்தச் சிரிப்பை நினைத்தால் மனசு என்னவோ போல் ஆகிவிடுகிறது.

அப்பா 2023 ஆகஸ்டில், தமது 75-ஆவது வயதில் காலமானார். பெரிய உத்தியோகம் பார்த்தவர் இல்லை. நாலு பேருக்குத் தெரிந்த மனுஷரும் இல்லை. கோயமுத்தூரில் ஒரு மில்லில் 31 வருஷம் தறி ஓட்டியவர். அவ்வளவுதான். அவரைப் பற்றிப் பத்திரிகையில் எழுத என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். நம்மில் எத்தனையோ பேர் வீட்டில் இப்படி ஒரு 'பேசாத மனுஷர்' திண்ணையிலோ ஈஸி சேரிலோ உட்கார்ந்திருக்கிறார். அவர் ஏன் பேசுவதில்லை என்று நாம் யோசிப்பதே இல்லை. நாங்கள் யோசிக்கவில்லை. அதனால் இழந்தது கொஞ்சநஞ்சமில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முழு நைட்டும் தேங்காய் பன்னும்

அப்பா 1967-இல் பத்தொன்பது வயசில் மில்லுக்குப் போனார். முதலில் பதிலி வேலை. யாராவது வராத நாளில்தான் கூப்பிடுவார்கள். அப்புறம் நிரந்தரம் ஆயிற்று. அந்தக் காலத்தில் எங்கள் சிங்காநல்லூர், ஒண்டிப்புதூர்ப் பக்கமெல்லாம் வீட்டுக்கு ஒருவர் மில்லில் இருப்பார். கடிகாரம் இல்லாத வீட்டுக்கும் மில் சங்குதான் கடிகாரம். பெண் கொடுப்பதற்கு முன்னால், "மாப்பிள்ளை மில்லுக்குப் போறாருங்களா?" என்று கேட்பார்கள். ஆமென்றால் மேற்கொண்டு விசாரிக்க மாட்டார்கள். அம்மாவையும் அப்படித்தான் 1974-இல் கட்டிக்கொடுத்தார்கள்.

பகல், அரை நைட், முழு நைட் என்று ஷிப்ட் மாறி மாறி வரும். முழு நைட் முடிந்து காலையில் வரும்போது அப்பாவின் சைக்கிள் ஹேண்டில் பாரில் ஒரு காகிதப் பொட்டலம் தொங்கும். பேக்கரியில் அப்போதுதான் எடுத்த தேங்காய் பன். எனக்கும் தம்பிக்கும் ஆளுக்குப் பாதி. அம்மாவுக்கு முழுசாக ஒன்று. "அது என்ன, உங்கம்மாவுக்கு மட்டும் முழுசு?" என்று பாட்டி கேட்பார். அப்பா பதில் சொல்லாமல் பஞ்சு ஒட்டின தலையைத் தட்டிக்கொண்டே குளிக்கப் போய்விடுவார்.

தறி செக்‌ஷன் எப்படி இருக்கும் என்று நான் ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறேன். ஆயுத பூஜை அன்று குடும்பத்தை உள்ளே விடுவார்கள். பொட்டு வைத்து, மாலை போட்டு, தறியெல்லாம் நின்றிருந்தது. "ஓட்டிக் காட்டுங்கப்பா" என்று தம்பி கெஞ்சினான். மேஸ்திரி சிரித்துக்கொண்டே ஒரே ஒரு தறியைப் போடச் சொன்னார். நாடா இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் அடி வாங்கிப் பறக்கிறது. நிமிஷத்துக்கு நூறு தடவைக்கு மேல் அந்த அடி. நான் காதைப் பொத்திக்கொண்டேன். ஒரு தறிக்கே அப்படி. அந்தக் கொட்டகையில் எத்தனை தறி! அத்தனையும் ஒன்றாக ஓடினால்? எட்டு மணி நேரம் ஓடினால்? அந்த வயசில் எனக்கு அந்தக் கேள்வி தோன்றவில்லை.

பேச்சுக்குப் பதில் டம்ளர்

அம்மா சமையலறையிலிருந்து, "ஏனுங்க, காப்பி ஆறிப் போகுது" என்பாள். அப்பா திரும்ப மாட்டார். இரண்டாவது தடவை, மூன்றாவது தடவை. கடைசியில் டம்ளரைத் தரையில் டொக்கென்று வைப்பாள். அப்போதுதான் திரும்புவார். "அந்த டம்ளருக்கு இருக்கற மரியாதை எனக்கில்லை" என்று அம்மா முணுமுணுப்பாள். அதுவும் அப்பாவுக்குக் கேட்காது.

கல்யாணமான புதிதில் அம்மா நிறையப் பேசுகிறவளாம். என் சித்தி சொல்லியிருக்கிறாள். பதில் வராத வீட்டில் எத்தனை நாள்தான் பேசுவது? கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டாள். எனக்கு விவரம் தெரியும்போது அவர்களுக்குள் பேச்சே, "அரிசி தீந்துருச்சு", "சரி" என்கிற அளவில்தான். சண்டை கிடையாது, மனஸ்தாபம் கிடையாது. பேச்சுத்தான் கிடையாது.

உறம்பரை வந்தாலும் அப்பா நடுவில் உட்கார மாட்டார். ஓரமாகச் சுவரில் சாய்ந்து புன்னகைத்துக்கொண்டே இருப்பார். நாலு பேர் ஒரே நேரத்தில் பேசும் இடத்தில் அவருக்கு ஒன்றும் புரிந்திருக்காது என்று இப்போது தெரிகிறது. அப்போது, "மாமாவுக்குக் கொஞ்சம் கெத்துதான்" என்று பேசிக்கொண்டார்கள்.

1998-இல் மில்லை மூடினார்கள். அப்புறம் ஒரு கல்யாண மண்டபத்தில் அப்பா வாட்ச்மேனாக இருந்தார். 2012-இல் ஒருநாள் முதலாளி பின்னாலிருந்து கூப்பிட்டாராம். இவர் திரும்பவில்லை. "என்ன திமிர்!" என்று அன்றைக்கே கணக்கு முடித்துவிட்டார். வீட்டுக்கு வந்த அப்பா, "வயசாச்சுன்னு நின்னுட்டேன் புள்ள" என்று அம்மாவிடம் சொன்னார். உண்மையான காரணம் எங்களுக்குத் தெரிய வந்தது இரண்டு வருஷம் கழித்துத்தான்.

கண்டுபிடித்தது ஐந்து வயசுக் குழந்தை

எனக்கு 2000-இல் கல்யாணம் ஆயிற்று. என் வீட்டுக்காரருக்கு லேத் பட்டறை. அம்மா வீட்டிலிருந்து இரண்டு பஸ் ஸ்டாப் தள்ளித்தான் குடியிருக்கிறோம். மூத்தவன் 2004, சின்னவள் 2009. இருவருக்கும் அப்புச்சி என்றால் உயிர். சிங்காநல்லூர்க் குளத்துக்குக் கூட்டிப்போய்க் கூழைக்கடாவையும் மீன்கொத்தியையும் காட்டுவார். பிள்ளைகளிடம் மட்டும் வாய் திறந்து பேசுவார். அது எனக்கு ஆச்சரியமாக இருக்கும், கொஞ்சம் பொறாமையாகவும் இருக்கும். பிள்ளைகள் மடியில் உட்கார்ந்து, முகத்துக்கு நேரே முகம் வைத்துப் பேசுகிறார்கள் என்பதை நான் கவனிக்கவில்லை.

2014 மே மாசம், பள்ளிக்கூட லீவு. சின்னவள் ஓடி வந்தாள்.

"அம்மா, அப்புச்சிக்கு முதுகுல காது கேக்கமாட்டேங்குது!"

"முதுகுல யாருக்குடி கேக்கும்?" என்றேன், முறுக்கு பிழிந்துகொண்டே.

"இல்லம்மா. பின்னால நின்னு 'முறுக்கு வேணுமா அப்புச்சி'ன்னு கேட்டேன். பேசல. முன்னால போயி, சத்தமே இல்லாம வாயை மட்டும் ஆட்டுனேன். 'கொண்டா கண்ணு'ன்னுட்டாரு!"

அடுப்பை அணைத்துவிட்டு நான் போய் அதே மாதிரி செய்து பார்த்தேன். பின்னால் நின்று கூப்பிட்டேன். அசைவில்லை. முன்னால் போய் நின்று குரலே எழுப்பாமல் உதட்டை மட்டும் அசைத்து, "அப்பா, சாப்பிட்டீங்களா?" என்றேன். "ஆச்சு கண்ணு" என்றார், சாதாரணமாக.

எனக்குக் கை கால் ஆடிவிட்டது.

அப்புறம் உட்கார வைத்துக் கேட்டபோது ஒவ்வொன்றாக வந்தது. தறி ஓடும்போது பக்கத்தில் நிற்பவன் கத்தினாலும் காதில் விழாதாம். அதனால் மில்லில் எல்லோரும் உதட்டைப் பார்த்தும் கை ஜாடையிலும்தான் பேசிக்கொள்வார்களாம். "அந்தப் பழக்கத்துல காலத்தை ஓட்டிட்டேன். எல்லாத்துக்கும் அப்படித்தான் கண்ணு. தறிக்காரன் காது தறிக்குத்தான்னு சொல்லுவாங்க. இதைப் போயி வெளிய சொன்னா வேலையில வெப்பாங்களா?" என்றார். ராத்திரியில் காதுக்குள் வண்டு ரீங்காரம் மாதிரி ஓயாமல் ஒரு சத்தம் கேட்குமாம். அதையும் யாரிடமும் சொன்னதில்லை. எப்போதோ "காது அடைக்குது" என்று சொன்னதற்கு, அம்மா பூண்டு தட்டிப்போட்டு எண்ணெய் காய்ச்சி விட்டிருக்கிறாள். அதோடு சரி.

மெட்டிச் சத்தம்

காது, மூக்கு, தொண்டை டாக்டரிடம் அழைத்துப் போனோம். அவர் காதுக்குள் பார்ப்பதற்கு முன்னாலேயே கேட்ட முதல் கேள்வி, "ஐயா எங்க வேலை பார்த்தீங்க?" என்பது. "தறியில, 31 வருஷம்" என்றதும் தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு சத்தம் புகாத ஒரு அறையில் உட்கார வைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, ஒலி கேட்கும்போதெல்லாம் பித்தானை அமுக்கச் சொன்னார்கள். ஆடியோகிராம் என்று ஒரு வரைபடம் தந்தார்கள். கோடு முதலில் கொஞ்சம் சமமாகப் போய், அப்புறம் மருதமலை இறக்கம் மாதிரி சரிந்து கிடந்தது.

டாக்டர் பொறுமையாக விளக்கினார். எனக்குப் புரிந்த வரையில் சொல்கிறேன். நம் உள்காதில் நத்தை ஓடு மாதிரி ஓர் உறுப்பு. அதற்குள் மயிரிழை போன்ற ஆயிரக்கணக்கான நுண்ணிய செல்கள். ஒலியை வாங்கி மூளைக்கு அனுப்புபவை அவைதான். ஓயாத பேரிரைச்சலில் அவை ஓய்ந்து, ஒடிந்து விடுகின்றன. போனது போனதுதான், மனுஷருக்கு மறுபடி முளைக்காது. நாம் சாதாரணமாகப் பேசுவது 60 டெசிபல் அளவு. 85 டெசிபலுக்கு மேற்பட்ட சத்தத்தில் தினம் எட்டு மணி நேரம் வருஷக்கணக்கில் இருந்தால் காது கெடும். நாடா ஓடும் தறிக் கொட்டகையின் இரைச்சல் 95-ஐத் தாண்டும்.

இன்னொன்றும் சொன்னார். அதுதான் எனக்கு மறக்கவில்லை. இப்படிக் கெடும் காதில் முதலில் போவது கீச்சுக் குரல்கள். குழந்தைகள் குரல், பெண்கள் குரல், பறவைச் சத்தம், குக்கர் விசில். ஆண்களின் கட்டைக் குரல் ஓரளவு கேட்கும். ச, த, ப போன்ற எழுத்துகள் தேய்ந்து போய்விடுவதால், 'சத்தம் கேட்கிறது, என்ன பேசுகிறார்கள் என்று தெரியவில்லை' என்பார்களாம். "அதனாலதான் ஆம்பளைங்க கூப்பிட்டா திரும்புவாரு, வீட்டுப் பொம்பளைங்க கூப்பிட்டா திரும்ப மாட்டாரு. நீங்க வேணும்னே பண்றாருன்னு நெனச்சிருப்பீங்க" என்றார் டாக்டர்.

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நாற்பது வருஷத் தாம்பத்தியம் அந்த ஒரு வார்த்தையில் தலைகீழாகப் புரண்டது.

தம்பியும் நானும் பாதிப் பாதி போட்டு 16,000 ரூபாயில் காதுக்குப் பின்னால் மாட்டும் மிஷின் ஒன்று வாங்கினோம். "செத்த காதுக்கு எதுக்குக் கண்ணு இத்தனை காசு?" என்று அப்பா முரண்டு பிடித்தார். மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்த அன்று, ஈஸி சேரில் உட்கார்ந்தவர் திடீரென்று நிமிர்ந்தார்.

"இதென்ன சத்தம்? டிங், டிங்குன்னு?"

நாங்கள் மின்விசிறியைப் பார்த்தோம், குழாயைப் பார்த்தோம். அம்மா சமையலறையிலிருந்து வெளியே வந்தாள். சத்தம் கிட்டே வந்தது. அப்பா அவள் காலைப் பார்த்தார்.

"மெட்டியா புள்ள? இது எப்பப் போட்ட?"

"ஏனுங்க, கல்யாணத்துல இருந்து போட்டுட்டுத்தானுங்களே இருக்கறேன்!" என்றாள் அம்மா. சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். வெகுநேரம் வெளியே வரவில்லை.

மிஷின் மாட்டிய உடனே எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். முதல் பத்து நாள் பெரும் பாடு. பேப்பர் புரட்டும் சத்தமெல்லாம் இடி மாதிரி கேட்கிறது என்று கழற்றி மேஜை டிராயரில் போட்டுவிட்டார். பல வீடுகளில் மிஷின் டிராயரோடு சரி என்று மையத்திலேயே எச்சரித்திருந்தார்கள். அம்மாதான் விடவில்லை. முதலில் அமைதியான அறையில் தினம் இரண்டு மணி நேரம், அப்புறம் நாலு மணி நேரம் என்று, குழந்தைக்குச் சோறு ஊட்டுவது போல் பழக்கினாள். இரண்டு தடவை போய் ஒலி அளவைத் திருத்தி வாங்கி வந்தோம். ஒன்றரை மாசத்தில், மிஷின் இல்லாமல் காலைக் காப்பி இறங்காது என்கிற நிலைக்கு வந்துவிட்டார்.

அந்த வீட்டில் பேச்சு வந்தது. அம்மா நாற்பது வருஷக் கதையையும் சொல்லித் தீர்த்தாள். அப்பாவும் சளைக்கவில்லை. "அந்தத் தேங்காய் பன் உனக்குப் பிடிக்கும்னு நீ சொன்னதில்ல. மொகத்தப் பாத்தே தெரிஞ்சுக்கிட்டேன் புள்ள" என்று ஒருநாள் அவர் சொன்னதை நானே கேட்டேன்.

நான் ஒரே ஒரு தடவைதான் கேட்டேன்

இதுவரை எழுதியது அம்மாவின் கதை. இனி என் கதை. எழுதலாமா வேண்டாமா என்று ரொம்ப யோசித்தேன்.

1996-இல் நான் பிளஸ் டூ பாஸ் செய்தேன். 1200-க்கு 912. எங்கள் தெருவில் அந்த வருஷம் அதுதான் பெரிய மார்க். சிநேகிதி ஒருத்தி டவுனிலிருக்கும் பெண்கள் கல்லூரி விண்ணப்பத்தை எனக்கும் சேர்த்து வாங்கி வந்து கொடுத்தாள். அப்பாவிடம் கேட்க ஒரு வாரம் தைரியம் சேர்த்தேன். கடைசித் தேதிக்கு முந்தின நாள், அரை நைட்டுக்குப் புறப்படுவதற்காக வாசலில் சைக்கிளுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார். நான் அவர் முதுகுக்குப் பின்னால் கதவோரம் நின்று, "அப்பா, நான் காலேஜுக்குப் போகட்டுங்களா?" என்றேன். குரல் எனக்கே கேட்டதா என்பது சந்தேகம்.

அப்பா காற்று அடித்து முடித்தார். டயரை அமுக்கிப் பார்த்தார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

நான் விண்ணப்பத்தை டிரங்குப் பெட்டியின் அடியில் வைத்தேன். அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. 'வேண்டாம்' என்பதை அப்பா அப்படிச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். மனசில் ஒரு முள் மட்டும் இருந்துகொண்டே இருந்தது. கல்யாணத்தில் அவர் காலில் விழுந்து கும்பிட்டபோதுகூட அது இருந்தது.

2015 தையில் ஒரு மத்தியானம் அப்பாவும் நானும் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தோம். பக்கத்து வீட்டுப் பெண் கல்லூரி பஸ்ஸிலிருந்து இறங்கிப் போனாள். அப்பா அவளைப் பார்த்துவிட்டு, "நீயும் காலேஜு போயிருக்கலாம் கண்ணு. நல்ல மார்க்குத்தான். உனக்குத்தான் இஷ்டமில்லாமப் போச்சு" என்றார்.

என் கை அப்படியே நின்றுவிட்டது.

"நான் கேட்டேனுங்கப்பா."

"எப்போ?"

சொன்னேன். சைக்கிள், காற்றுப் பம்பு, கதவோரம், எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா வெங்காயத்தைக் கீழே வைத்தார். ரொம்ப நேரம் பேசவில்லை. இந்தத் தடவை கேட்காமல் அல்ல.

"எனக்குக் கேக்கலையே கண்ணு" என்றார். அப்புறம், "ரெண்டாவது தடவை கேட்டிருக்கலாமே?" என்றார்.

"பயமா இருந்துச்சுங்கப்பா."

கண்ணைத் துடைத்துக்கொண்டோம். வெங்காயம் உரித்ததால் இரண்டு பேருக்கும் காரணம் சொல்லவேண்டிய அவசியம் இருக்கவில்லை. பத்தொன்பது வருஷமாக நான் அவர் மேல் சுமத்திய குற்றம் அவர் செய்யாதது. அவர் எனக்கு இஷ்டமில்லை என்று நினைத்ததும் தப்பு. யாரைக் குறை சொல்வது?

அந்த வருஷம் ஜனவரியில்தான் பெண் குழந்தைகளுக்கான செல்வமகள் சேமிப்புத் திட்டத்தை அரசாங்கம் தொடங்கியிருந்தது. பேப்பரில் படித்த அப்பா, என்னைத் தபால் ஆபீசுக்கு அழைத்துப் போனார். பத்து வயசுக்கு உட்பட்ட பெண் குழந்தை பேரில் பெற்றவர்களோ சட்டப்படியான காப்பாளரோதான் கணக்குத் தொடங்க முடியும். என்னைக் கையெழுத்துப் போடச் சொல்லிவிட்டுப் பணத்தை அவர் கட்டினார். மேல்படிப்புக்கு அதிலிருந்து பாதி வரை எடுத்துக்கொள்ளலாம். வருஷா வருஷம் தமது பென்ஷனில் மிச்சம் பிடித்துக் கட்டினார். கணக்குப் புத்தகத்தை என் கையில் கொடுக்கும்போது, "இது பாப்பாவுக்கு. ஆனா உங்கிட்ட இருக்கட்டும்" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

பேத்திக்கு ஒரு பழக்கமும் சொல்லிக் கொடுத்தார். "எது வேணும்னாலும் முன்னால வந்து நின்னு, மொகத்தைப் பாத்துக் கேளு கண்ணு. பதில் வரலைன்னா இன்னொரு தடவை கேளு. பதில் வராததெல்லாம் வேண்டாம்னு அர்த்தமில்ல."

ஆஸ்பத்திரியில்

2023 ஆகஸ்டில் அப்பாவுக்கு மூச்சுத் திணறல் வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இருதயம் பலவீனம் என்றார்கள். ஸ்கேன் எடுக்கும்போது காது மிஷினைக் கழற்றி ஒரு கவரில் போட்டு என்னிடம் கொடுத்தார்கள். பதற்றத்தில் நான் அதைக் கைப்பையில் போட்டு மறந்துவிட்டேன். மறுநாள் காலையில் டாக்டர் முகமூடியோடு வந்து, "பெரியவரே, இது என்ன மாசம்? எங்க இருக்கீங்க?" என்று கேட்டார். அப்பா விழித்தார். முகமூடி போட்டிருந்தால் உதட்டைப் பார்க்கவும் வழியில்லையே! "நினைவு தப்புது. குழப்பமா இருக்காரு" என்று சொல்லிவிட்டு அவர் நகர்ந்தார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஓடிப்போய்க் கவரைப் பிரித்து, புது பேட்டரி போட்டு மாட்டிவிட்டேன். டாக்டரைத் திரும்ப அழைத்தேன். அப்பா தம் பேரைச் சொன்னார், மாசத்தைச் சொன்னார், ஊரைச் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, "வீட்டுல மோட்டாரை நிறுத்துனீங்களா?" என்றார். அந்தக் கலவரத்திலும் சிரிப்பு வந்துவிட்டது.

அதற்கப்புறம் நாலு நாள் இருந்தார். அந்த நாலு நாளும் மிஷின் காதிலேயே இருந்தது. பேரனிடம் பேசினார், பேத்தியிடம் பேசினார், அம்மாவிடம் எங்களை வெளியே அனுப்பிவிட்டுப் பேசினார். ஐந்தாம் நாள் விடியற்காலையில் தூக்கத்திலேயே போய்விட்டார்.

காரியத்தன்று பெரியவர்கள் அம்மாவை மெட்டியைக் கழற்றச் சொன்னார்கள். அம்மா எதற்கும் எதிர்த்துப் பேசாதவள். அன்றைக்கு, "அவரு கேட்ட சத்தமுங்க இது. இருந்துட்டுப் போகட்டும்" என்றாள். யாரும் வற்புறுத்தவில்லை. இன்றைக்கும் போட்டிருக்கிறாள்.

தோழிகளுக்குச் சில வார்த்தைகள்

நான் டாக்டர் இல்லை. பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

1. கூப்பிட்டால் திரும்பாதவர், டி.வி. சத்தத்தைக் கூட்டுகிறவர், "என்ன? என்ன?" என்று கேட்கிறவர், கூட்டத்தில் ஒதுங்குகிறவர் வீட்டில் இருந்தால், கோபிக்கும் முன் காதைச் சோதிக்கச் செய்யுங்கள். வலி எதுவும் இருக்காது, செலவும் அதிகமில்லை.

2. காதில் காய்ச்சின எண்ணெய், ஊக்கு, தீக்குச்சி எதுவும் வேண்டாம். வெறும் அழுக்கு அடைப்பாகவும் இருக்கலாம். அதை டாக்டர் எடுத்துவிடுவார். ஆனால் ஒரே நாளில் திடீரென்று ஒரு காது கேட்காமல் போனால் நாள் கடத்தாதீர்கள். அன்றைக்கே போக வேண்டும்.

3. மிஷின் வாங்க வசதியில்லையே என்று விட்டுவிட வேண்டாம். குறைபாட்டுச் சான்றிதழ் பெற்றவர்களுக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தின் மூலம் இலவசமாகக் கொடுக்கிறார்கள். முதலில் அங்கே விசாரியுங்கள்.

4. எண்ணெய்க் குளியலுக்கு முன் மிஷினைக் கழற்றிவிடுங்கள். ராத்திரி பேட்டரிக் கதவைத் திறந்து, ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு டப்பாவில் வையுங்கள். பொத்தான் பேட்டரிகளைப் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வைப்பது ரொம்ப முக்கியம். விழுங்கி உணவுக் குழாயில் சிக்கிவிட்டால் இரண்டு மணி நேரத்திலேயே அதை அரித்துவிடக்கூடும்.

5. காது மந்தமானவரிடம் கத்தாதீர்கள். வெளிச்சத்தில், முன்னால் நின்று, நிதானமாகப் பேசுங்கள். ஆஸ்பத்திரியில் சேர்த்தால் முதல் வேலையாக, 'இவருக்குக் காது மிஷின் உண்டு' என்று நர்ஸிடம் சொல்லி எழுதி வைக்கச் செய்யுங்கள்.

6. நடுவயசில் கவனிக்காமல் விடும் காது மந்தம், பிற்காலத்தில் மறதி நோய் வரும் வாய்ப்பைக் கூட்டும் காரணங்களில் ஒன்று என்று 2020-இல் லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு சொல்லியிருக்கிறது. "வயசானா அப்படித்தான்" என்று தள்ளிவிடுவதற்கில்லை.

7. தறி, லேத், கிரைண்டிங் வேலைக்குப் போகிறவர்கள் வீட்டில் இருந்தால், கை எட்டும் தூரத்தில் நிற்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருக்கிறதா என்று கேளுங்கள். ஆமென்றால் அந்தச் சத்தம் காதுக்கு ஆகாது. வெறும் பஞ்சு அடைத்துக்கொள்வது போதாது. அதற்கென்று உள்ள காதடைப்பானோ காதுமூடியோதான் வேண்டும். 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்தின் நோய் அட்டவணையிலேயே இரைச்சலால் வரும் காது கேளாமையும் இருந்தது. கூச்சப்பட்டு மறைக்கிற விஷயமே இல்லை.

என் வீட்டுக்காரர் 2014-இலிருந்து பட்டறையில் காதுமூடி போட்டுக்கொள்கிறார். முதலில், "பசங்க சிரிக்கறாங்க" என்றார். இப்போது பசங்களும் போடுகிறார்கள். அம்மாவுக்கும் எனக்கும் காதைச் சோதித்துப் பார்த்தாயிற்று. அம்மாவுக்கு இடது காதில் கொஞ்சம் குறைவு. கவனித்து வருகிறோம்.

சின்னவள் இப்போது என்னைவிட உயரமாக வளர்ந்துவிட்டாள். ஏதாவது வேண்டுமென்றால் சமையலறைக்குள் வந்து, அடுப்புக்கும் எனக்கும் நடுவில் புகுந்து, என் முகத்தைப் பார்த்துக் கேட்கிறாள். பால் பொங்கினாலும் நகர்வதில்லை. பதில் சொல்லிவிட்டுத்தான் நான் கரண்டியைத் தொட முடிகிறது.